பெட்டி சொன்னபடி கேட்ட காலம்

ஒரு காலத்தில் இணையத்தில் தேடத் தெரிந்தவன் என்றால் ஊரில் ஒரு மரியாதை இருந்தது. ஆங்கிலப் பேப்பரை டீக்கடையில் உரக்கப் படிப்பவருக்கும் ஜாதகம் பார்ப்பவருக்கும் நடுவே எங்கேயோ அவனுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருந்தார்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களைச் சொல்கிறேன். திருநெல்வேலி ஜங்ஷனில், எஸ்.டி.டி. பூத்தாக இருந்து பிரவுசிங் சென்டராகப் பதவி உயர்வு பெற்ற ஒரு கடையில், பி.காம். முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தேன். பிளைவுட் தடுப்புகள், அழுக்கு வெள்ளையில் மானிட்டர்கள், கிரீச்சிட்ட பிறகே இணைப்புக் கொடுக்கும் மோடம், மணிக்கு 30 ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் பார்க்கத் தெரியும். மீதிப் பேருக்கு என்னைக் கூப்பிடத் தெரியும்.

"தம்பி, மெட்ராஸ்ல கண்ணுக்கு நல்ல ஆஸ்பத்திரி எதுன்னு அதுட்ட கேட்டுச் சொல்லுங்க" என்பார் வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர். மானிட்டரைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கீபோர்டின் முன் உட்காருவேன். அரைமணி கழித்து ஒரு தாளில் விலாசம் எழுதிக் கொடுப்பேன். அவர் கொடுக்கும் 15 ரூபாயில் இணையத்துக்கு எவ்வளவு, எனக்கான மரியாதைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்ததில்லை.

கடை முதலாளி அண்ணாச்சி ஒவ்வொரு கேபினிலும் ஓர் அட்டையை லேமினேட் செய்து ஒட்டியிருந்தார். யாஹூ, ஹாட்மெயில், ரீடிஃப், பிளஸ் டூ ரிசல்ட் வரும் அரசுத் தளம், ரயில்வே, சில பத்திரிகைகள் என்று முகவரிகள் வரிசையாக இருக்கும். புள்ளி எங்கே வரும், சாய்கோடு எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் சிவப்பு மையில் காட்டியிருக்கும். அவருடைய கொள்கை ஒரே வரியில் அடங்கியது: "அட்ரஸ் தெரிஞ்சவன் எதுக்குல தேடணும்?"

அன்றைய பிரவுசரும் இந்தக் கொள்கையோடுதான் பிறந்திருந்தது. மேலே அட்ரஸ் பார். அது போகும் இடம் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்கள் தேடல் இயந்திரத்துக்குப் போக வேண்டும். அதற்கும் அந்த இயந்திரத்தின் முகவரியை அட்ரஸ் பாரில் தட்டியாக வேண்டும். தேடுவதற்கே ஒரு முகவரி தெரிந்திருக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில் அன்று யாரும் குறை கண்டதில்லை. எக்ஸ்ப்ளோரர் 5-இல் அட்ரஸ் பாரிலேயே கேள்விக்குறி போட்டுச் சொல்லைத் தட்டினால் தேடும் என்ற ரகசியம் எனக்குத் தெரியும். தொழில் ரகசியம் என்பதால் யாருக்கும் சொன்னதில்லை.

மணிக்கு 30 ரூபாய் என்பது சிந்தனையைத் தூண்டும் கட்டணம். ஒரு பக்கம் திறந்து முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்ற வேகத்தில், தப்பான சொல்லைத் தட்டுவது என்பது நேரடியான பணச் செலவு. ஆகவே உட்காரும் முன்பே யோசித்தோம். விவரம் தெரிந்தவர்கள் தட்ட வேண்டிய சொற்களைத் தாளில் எழுதி எடுத்து வந்தார்கள்.

எங்கள் கடையின் பிரதான தெய்வம் ஆல்டாவிஸ்டா. டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 1995 டிசம்பரில், தன்னுடைய ஆல்ஃபா கம்ப்யூட்டர்களின் பலத்தை ஊருக்குக் காட்ட அதை அவிழ்த்துவிட்டது. பலம் அதிகம், புத்தி குறைவு. வெறுமனே நாலு சொல்லைப் போட்டால், அந்த நாலில் எது எங்கே இருந்தாலும் வாரிக்கொண்டு வந்து கொட்டும். சொற்களைக் கூட்டக் கூட்ட விடைகளும் கூடும். ஆனால் கட்டளை போட்டால் அப்படியே கேட்கும். சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி என்றால் அது கட்டாயம் இருக்க வேண்டும். கழித்தல் குறி என்றால் கூடவே கூடாது. இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் சொற்கள் அதே வரிசையில் வர வேண்டும். பாதிச் சொல்லை எழுதி நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அது நிரப்பிக்கொள்ளும். நான்கு குறிகளை வைத்துக்கொண்டு நான் ஜங்ஷனில் நிபுணனாக உலா வந்தேன்.

தேடலின் ஆதாரப் பாடத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் கம்ப்யூட்டர்காரர் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று வாத்தியார். மாவட்டத்தின் பழைய கதைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். நான் திருநெல்வேலி என்பதை ஆங்கிலத்தில் இன்றைய எழுத்துக்கூட்டலில் தட்டிக்கொண்டிருந்தேன். லாட்ஜ்களும் அல்வாக் கடைகளும் வந்தன. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கூப்பிடுற பேர்ல தேடாதீங்க தம்பி. எழுதி வச்சவன் என்ன பேர்ல கூப்பிட்டானோ அந்தப் பேர்ல தேடுங்க." கால்டுவெல் பாதிரியார் 1881-இல் எழுதிய மாவட்ட வரலாற்றில் ஊரின் பெயர் 'டின்னவெல்லி'. அந்த எழுத்துக்கூட்டலைப் போட்டதும் வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களும் பட்டியல்களும் வரத் தொடங்கின. குற்றாலத்துக்கு மட்டும் ஆங்கிலத்தில் மூன்று நாலு எழுத்துக்கூட்டல் உண்டு. எல்லாவற்றையும் நடுவில் 'ஆர்' போட்டு ஒரே மூச்சில் தேடச் சொன்னதும் அவர்தான். பிறகு வந்த எந்த இயந்திரமும் இந்தப் பாடத்தைப் பழையதாக்கவில்லை.

தமிழில் தேடலாமே என்று கேட்பீர்கள். தேடலாம், எந்தத் தமிழில் என்பதுதான் கேள்வி. டிஸ்கி, டாப், டாம் என்று குறியீட்டு முறைகள். பத்திரிகைத் தளங்களுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. அதை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்துகள் கொம்பும் குல்லாயுமாகக் கூத்தாடும். கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கு லத்தீன். 1999-இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூட்டி எழுத்துருவையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்தப் பார்த்தார்கள். ஒழுங்குகளின் எண்ணிக்கையில் மேலும் சில கூடின. தமிழில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்பது சுலபமாக இருந்தது.

அப்புறம் கூகுள் வந்தது. ஒரே கட்டம், இரண்டு பட்டன், சுற்றிலும் வெள்ளை. சொற்களைக் கூட்டினால் விடைகள் குறைந்தன, நல்லதும் முன்னால் வந்தது. எந்தப் பக்கத்தை எத்தனை பேர், எப்பேர்ப்பட்டவர்கள் சுட்டுகிறார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்தும் அந்த உபாயத்தால், என் நான்கு குறிகளுக்குக் கிராக்கி குறைந்தது. வாடிக்கையாளர்கள் தாங்களே தட்டித் தாங்களே கண்டுபிடித்தார்கள். அண்ணாச்சி என்னை ஜெராக்ஸ் மெஷினுக்கு மாற்றினார்.

2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தபோது தேடும் கட்டம் பிரவுசருக்குள்ளேயே, அட்ரஸ் பாருக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தது. பக்கத்துக்குள் தேட, குறுக்கே வந்து மறைக்கும் ஜன்னலுக்குப் பதில் கீழே அடக்கமாக ஒரு பட்டை. இடப்பக்கம் தெரிந்தவர்களின் பெட்டி, வலப்பக்கம் தெரியாதவர்களின் பெட்டி. நிர்வாக வசதிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. அதனாலேயே அது நிலைக்கவில்லை. 2008 செப்டம்பரில் வந்த குரோம் இரண்டையும் இடித்து ஒன்றாக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் வீம்பாக ஒன்பது வருடம் தாக்குப்பிடித்து, 2017-இல் அதுவும் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு ஒரே பெட்டியைக் கொடுத்தது.

இன்று நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். பெட்டி ஒன்று. அதில் எது வேண்டுமானாலும் தட்டலாம். எல்லோரும் எதை வேண்டுமானாலும் தட்டுகிறார்கள். முகவரி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கூகுளுக்குப் போகக் கூகுளிலேயே கூகுள் என்று தேடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இது நம் ஊர் வழக்கம் என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் பிங் தளத்தில் மக்கள் அதிகமாகத் தேடும் சொல்லே 'கூகுள்'தான் என்று, 2021-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளின் வழக்கறிஞர் பெருமையோடு சொன்னார்.

அமெரிக்காவில் இன்னொரு கூத்து நடந்தது. ரீட்ரைட்வெப் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 2010 பிப்ரவரியில் ஃபேஸ்புக் லாகின் பற்றி ஒரு கட்டுரை போட்டது. கூகுளில் 'ஃபேஸ்புக் லாகின்' என்று தேடியவர்களுக்கு அந்தக் கட்டுரை மேலே வந்தது. வந்தவர்கள் அதையே ஃபேஸ்புக் என்று எடுத்துக்கொண்டு, புது டிசைன் சகிக்கவில்லை, பழையபடி உள்ளே விடுங்கள் என்று கட்டுரைக்குக் கீழே சண்டை பிடித்தார்கள். 'இது ஃபேஸ்புக் இல்லை' என்று கட்டுரைக்குள்ளேயே கொட்டை எழுத்தில் போட வேண்டியதாயிற்று. லேமினேட் செய்த ஓர் அட்டை இருந்திருந்தால் அந்தத் தளத்துக்கு இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

அங்கே அது வேடிக்கை. இங்கே பணம் போகிறது. "அப்பா, பேங்க் கஸ்டமர் கேர் நம்பர் கூகுள்லயே இருக்குப்பா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். "இருக்கும்மா. அதைப் போட்டவன் யாருங்கிறது மட்டும் இருக்காது" என்றேன். போலி எண்களை வங்கியின் எண் போலவே தேடலில் மிதக்கவிட்டுக் காத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டில் தேடல் இயந்திர மோசடிக்கென்றே தனிப் பகுதி உண்டு. பிறகு 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் எல்லாம் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. ஆக, அட்ரஸைப் பார்த்துத் தட்டு என்று அண்ணாச்சி சிவப்பு மையில் எழுதியதை, கால் நூற்றாண்டு கழித்து மத்திய வங்கி சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது.

அந்த ஒற்றைப் பெட்டியின் மனை மதிப்பையும் சொல்லியாக வேண்டும். பிரவுசர்களிலும் போன்களிலும் தன்னையே முதல் தேடலாக வைத்திருப்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர் என்று வாஷிங்டனில் நடந்த வழக்கில் வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா இதைச் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தார். செட்டிங்ஸுக்குப் போய் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சில கிளிக் போதும். அந்தக் கிளிக்குகளை நாம் செய்யவே மாட்டோம் என்ற அசைக்க முடியாத நம்பிக்கைக்குத்தான் அவ்வளவு விலை. நம் சோம்பலை இவ்வளவு உயர்வாக மதித்தவர் வரலாற்றில் வேறு யாரும் இல்லை.

சரி, பெட்டி கெட்டிக்காரத்தனமாகத்தானே இருக்கிறது என்பீர்கள். அதுதான் தொந்தரவு. ஆல்டாவிஸ்டாவுக்குப் புத்தி கிடையாது, சொன்னதைக் கேட்டது. இன்றைய பெட்டிக்குப் புத்தி அதிகம், அதனால் நாம் சொன்னதைக் கேட்பதில்லை. துவரம் பருப்பு கேட்டால், 'உங்களுக்குத் தேவை உளுந்துதான்' என்று தானே தீர்மானித்து, கூட இரண்டு விளம்பர சோப்பும் வைத்துக் கட்டிக் கொடுக்கும் மளிகைக்கடைக்காரர் அது. சொல்லைத் திருத்துகிறது, இணைச்சொல்லைப் போடுகிறது, அரிதான சொல்லாக இருந்தால் அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு மீதிக்கு விடை தருகிறது. முக்கியமான சொல் அந்த அரிதான சொல்தான் என்பது அதற்குத் தெரியாது.

என் பழைய கூட்டல் குறிக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 2011-இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், இந்தச் சொல் கட்டாயம் வேண்டும் என்று சொல்லும் கூட்டல் குறி தேடலிலிருந்து எடுக்கப்பட்டது. இனிமேல் மேற்கோள் குறி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. கூட்டல் குறி இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிராயச்சித்தமாக அதே 2011 நவம்பரில் 'வெர்பேட்டிம்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். விடைகளுக்கு மேலே 'டூல்ஸ்' என்பதை அழுத்தி, 'ஆல் ரிசல்ட்ஸ்' என்பதைத் திறந்தால் அது கிடைக்கும். நான் தட்டியதை மட்டும் தேடு, உன் யோசனைகள் வேண்டாம் என்று அதற்குப் பொருள். 2024 மே மாதத்தில் 'வெப்' என்று இன்னொரு வடிகட்டியும் வந்தது. செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம், வீடியோ, கடைச் சாமான் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இணையதளங்களை மட்டும் காட்டும். இணையத்தில் தேடும் இயந்திரத்தில், இணையத்தைப் பார்க்க ஒரு தனிப் பொத்தான்! நிரந்தரமாக வேண்டும் என்கிறவர்கள் முகவரியின் வாலில் ஆங்கிலத்தில் 'யுடிஎம்=14' என்று ஒட்டிக்கொள்கிறார்கள். அதாவது, இருபத்தைந்து வருட அறிவியல் வளர்ச்சிக்குப் பிறகு, ஒரு தேர்ந்த தேடுநரின் திறமை என்பது இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் முட்டாளாக்கி வைப்பது.

ஆனால் எனக்கு வயதாக வயதாகப் புரிந்தது வேறு. என் ஆபீஸில் நடக்கும் தேடலில் பெரும்பகுதி உலகத்தைத் தேடுவதே இல்லை. நேற்றுப் பார்த்த சுற்றறிக்கை, காலையில் திறந்த டேப், போன மாதம் யாருக்கோ அனுப்பிய பக்கம். எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடப்பவை. அதைத் தேட எல்லோரும் மறுபடி உலகச் சந்தைக்குப் போகிறார்கள். சந்தை இன்று வேறு சரக்கை முன்னால் வைத்திருக்கிறது. உடனே "சார், நேத்து வந்துச்சு, இன்னைக்குக் காணோம்" என்று ஒப்பாரி.

காணாமல் போகவில்லை. ஃபயர்ஃபாக்ஸாக இருந்தால் அட்ரஸ் பாரில் நட்சத்திரக் குறியும் (*) ஓர் இடைவெளியும் விட்டுச் சொல்லைத் தட்டினால் புக்மார்க்கில் மட்டும் தேடும். தொப்பிக் குறி (^) போட்டால் நாம் போய்வந்த ஹிஸ்டரியில். சதவீதக் குறி (%) போட்டால் திறந்து கிடக்கும் டேப்களில். அதோடு எண் குறியும் (#) சேர்த்தால் பக்கத்தின் தலைப்பில் சொல் இருந்தால்தான் காட்டும். குரோமில் @ குறியைத் தட்டினாலே டேப்ஸ், புக்மார்க்ஸ், ஹிஸ்டரி என்று பட்டியல் இறங்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருக்கும் டேப்களும் இப்போதுதான் மூடியவையும் வரிசையாக நிற்கும். ஆல்டாவிஸ்டாவோடு செத்துப்போனதாக நான் நினைத்த குறிகள், மறுபிறவி எடுத்து அட்ரஸ் பாரில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே எச்சரிக்கை: குரோம் தன் ஹிஸ்டரியை 90 நாள்தான் வைத்திருக்கும். அதற்கு மேல் நினைவில் வைக்க வேண்டியதை நட்சத்திரத்தை அழுத்திப் புக்மார்க்கில் போட்டுவிட வேண்டும். புக்மார்க்கின் பெயரையும் நமக்கு நாளை நினைவு வரக்கூடிய சொல்லாக மாற்றி வைப்பது புத்திசாலித்தனம். தளம் வைத்த பெயர் பெரும்பாலும் 'ஹோம்' என்றிருக்கும்.

அண்ணாச்சியின் அட்டையையும் நான் பிரவுசருக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். அடிக்கடி தேடும் தளங்களுக்கு ஓரெழுத்துச் சுருக்கம் கொடுத்துவிடலாம். குரோமில் செட்டிங்ஸில் சர்ச் எஞ்சின் பகுதிக்குள் 'சைட் சர்ச்' என்று இருக்கிறது. அந்தத் தளத்தில் ஒரு சொல்லை ஒருமுறை தேடி, வரும் முகவரியை எடுத்து, தேடிய சொல் இருக்கும் இடத்தில் மட்டும் சதவீதக் குறியையும் எஸ் என்ற ஆங்கில எழுத்தையும் வைத்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தளத்தின் தேடும் கட்டத்தில் ரைட் கிளிக் செய்தாலே வழி தெரியும். எனக்கு டபிள்யூ என்றால் தமிழ் விக்கிப்பீடியா. கூகுள் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நேரே அங்கே போய்விடுவேன். சுருக்கம் வைக்கும் அளவுக்குப் பழக்கமில்லாத தளம் என்றால், ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைப் போட்டு, பிறகு சொல்லைத் தட்டினால் அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும். 'ஃபைல்டைப்' என்று போட்டு பிடிஎஃப் என்றால் ஆவணங்கள் மட்டும். 'ஆஃப்டர்', 'பிஃபோர்' என்று போட்டு ஆண்டைக் கொடுத்தால், திருத்தப்பட்ட விதிக்கும் திருத்தாத விதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கட்சிக்காரருக்குப் பழைய வட்டியைச் சொல்ல நேராது.

பக்கம் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. கிடைத்த பக்கம் 200 பக்கமாக இருக்கும். இங்கேதான் கண்ட்ரோலும் எஃப்பும் வருகின்றன. இணையம் பயன்படுத்துகிறவர்களில் 90 சதவீதம் பேருக்கு இந்த இரண்டு விசை தெரியாது என்று கூகுளில் தேடல் பழக்கங்களை ஆராய்ந்த டான் ரஸ்ஸல் 2011-இல் சொன்னார். போனில் அந்த விசைகளே கிடையாது. மூன்று புள்ளியைத் தொட்டால் 'ஃபைண்ட் இன் பேஜ்' என்று ஒளிந்திருக்கும். எனவே அந்த 90 குறைந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

தமிழ்ப் பக்கத்தில் இந்த விசைகளை அழுத்துகிறவருக்குக் கொஞ்சம் இலக்கணமும் கொஞ்சம் சந்தேக புத்தியும் வேண்டும். 'பத்திரம்' என்று முழுச் சொல்லைத் தட்டினால், 'பத்திரத்தின்', 'பத்திரங்கள்' எதுவும் சிக்காது. வேற்றுமை உருபுக்குப் பயந்து 'பத்திர' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். 'வீடு' என்பதோடு 'வீட்' என்றும், 'ஆறு' என்பதோடு 'ஆற்' என்றும் இரண்டாவது தரம் தேட வேண்டும். 'பல்கலைக்கழகம்' சேர்ந்தும் இருக்கும், பிரிந்தும் இருக்கும். 'கௌரவம்' என்று நீங்கள் ஒழுங்காகத் தட்டலாம். எழுதியவர் ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமுமாகக் 'கெளரவம்' என்று போட்டிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பிரவுசருக்கு அப்படி ஒரு சொல்லே பக்கத்தில் இல்லை. ஔவையாருக்கும் இதே கதிதான், ஒகரமும் ளகரமுமாக எத்தனையோ பக்கங்களில் ஒளிந்திருக்கிறார். 'ஸ்ரீ' என்ற எழுத்துக்கோ யூனிகோடில் இரண்டு பிறப்பு உண்டு. எழுதி வச்சவன் என்ன பேரில் கூப்பிட்டான் என்று கேட்ட வரலாற்று வாத்தியார், யூனிகோடையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பூச்சியம் வந்தால், கோப்பின் வயதைப் பாருங்கள். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பும், பழக்க தோஷத்தால் அதற்குப் பின்பும், 'வானவில்' எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் ஏராளம். திரையில் அழகான தமிழ். அடியில் இன்னும் அதே லத்தீன். ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணையாக இருந்தால் அடியில் அதுகூட இல்லை, வெறும் படம். அங்கே தேடுவதற்கு உலகின் மிகப் பழைய கருவிதான் உண்டு: கண்.

போன வாரம் ஆபீஸில் ஆர்ட்டிகிள் பையன் ஒருவன் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். ரீஃபண்ட் தாமதமானால் கட்சிக்காரருக்கு வட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் அந்தக் கேள்வியைத் தங்கிலீஷில், குசலம் விசாரிப்பது உட்பட முழு வாக்கியமாகக் கேட்டிருக்கிறான். அது நாலு பத்தியில் பணிவாகப் பதில் சொல்லி, கடைசியில் ஒரு நல்ல ஆடிட்டரைக் கலந்தாலோசிக்கும்படி அறிவுரையும் கூறியிருக்கிறது. ஆடிட்டர் எதிரே உட்கார்ந்து பிரிவு எண் கேட்கிறார்.

நான் குனிந்து இரண்டு விசையை அழுத்தினேன். சட்டம் எழுதியவன் 'லேட்' என்று எழுத மாட்டான் என்பதால் 'டிலேய்ட் ரீஃபண்ட்' என்று தட்டினேன். பிரிவு 56 வந்து நின்றது: விண்ணப்பம் கிடைத்து 60 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டி.

பையன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், இது எந்த ஏஐ?"

"கண்ட்ரோல் எஃப்."

"மாசம் எவ்ளோ சார்?"

"இப்போதைக்கு ஃப்ரீதான் தம்பி. நீ கேட்டது அவங்க காதுல விழாம பாத்துக்க."